ஏழாம் பெட்டியின் பச்சைப் பொட்டு

ஜூன் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே உடம்பு, மனசு இரண்டும் இருக்கின்றன. அங்கே உனக்கு முதலாவது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துச் சொல். இரண்டாவதைப் பற்றி உன் லேபில் யாரும் விசாரிப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

எதற்காகக் கடிதம் என்று யோசிப்பாய். விடுதியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போன் தருவார்கள். எனக்கு மட்டும் இந்த வருடம் முழுக்கக் கிடையாது. காரணம் மிகச் சிறியது. வார்டன் அறைக்கு இரண்டு கதவுகள், கட்டடத்தின் இரண்டு பக்கமும். முன்கதவில் ‘பூட்டு பழுது, பின்கதவைப் பயன்படுத்தவும்’ என்று ஒரு தாள் ஒட்டினேன். பின்கதவில் என்ன ஒட்டியிருப்பேன் என்று உனக்கே தெரியும். வார்டன் நான்கு சுற்று சுற்றினார். ஐந்தாவது சுற்றில் மூச்சு வாங்கிக்கொண்டு, “யாரு வேலை இது?” என்று கேட்டார். கேட்டதும் பேசாமல் இருந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டேன்.

அம்மா உன் கட்டுரை வரப்போவதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். பால் போடுபவருக்கும் தெரியும். “என் பையன் கிருமியோட வாலை நறுக்கிட்டான்” என்கிறாள். அவர் பயந்துபோய் நாய்க்கா என்று கேட்டாராம்.

பனி மாமா எப்படி இருக்கிறார்? ஏப்ரலில் உன் லேபுக்கு வந்தபோது உறைபெட்டிகளைக் காக்கும் அந்த ராஜாவைத்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உன்னைவிட. அவரிடம் நான் கேட்டதாகச் சொல். அப்புறம், உன் லேபில் ஒரு சின்ன விஷயம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். கண்டுபிடித்தால் சிரி. கண்டுபிடிக்காவிட்டால் நீயெல்லாம் என்ன விஞ்ஞானி!

நேரத்துக்குச் சாப்பிடு. கிருமிக்கே நேரத்துக்குச் சாப்பாடு போடுகிறாய், உனக்குப் போட்டுக்கொள்ள என்ன?

இப்படிக்கு,
வாலு

*

ஜூன் 25

அன்புள்ள வாலு,

உடம்புக்குக் குறையில்லை. கண் மட்டும் மாலையில் எரிகிறது, நுண்ணோக்கி தந்த சொத்து. உன் இருமல் போய்விட்டதா?

கதவு விஷயத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்தேன் என்று அம்மாவிடம் சொல்லாதே. உன்னை வாலு என்று முதலில் கூப்பிட்டவன் நான். இன்று நான் சம்பளம் வாங்குவதும் வாலுக்காகத்தான். யாரோ எங்கோ திட்டம் போட்டிருக்கிறார்கள்.

நாயின் வால் இல்லை என்று அந்தப் பால்காரருக்கு நீயே விளக்கிவிடு. குடலில் காய்ச்சல் கொண்டுவரும் ஒரு பாக்டீரியா. நான் வைத்து வேலை செய்வது அதன் வீரியம் குறைத்த வகை, பயப்பட வேண்டாம். உடலைச் சுற்றி ஏழெட்டு வால்கள். அவற்றைச் சுழற்றி நீந்தித்தான் குடல் சுவரை அடைகிறது. இந்த வாலைக் கட்டுவதில் ஒரு கண்டிப்பான வரிசை உண்டு. முதலில் தோலில் ஒரு மோட்டார். அதன் மேல் வளைந்த ஒரு கொக்கி. அதற்கப்புறம்தான் நீண்ட வால். கொக்கி முடியும் வரை வாலுக்கான ஜீன்கள் வேலையே செய்யாது. ஒரு புரதம் காவல்காரன் மாதிரி அவற்றின் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். கொக்கி முடிந்ததும் அதன் நடுவே இருக்கும் துளை வழியாகவே காவல்காரனை வெளியே தள்ளிவிடும். அவன் போனதும் சுவிட்ச் விழும், வால் வளரும்.

அந்தக் காவல்காரன் வெளியேற இன்னொரு ஜீன் தேவை என்று நான் கண்டுபிடித்திருக்கிறேன். அந்த ஜீனை நீக்கினால் அவன் உள்ளேயே தங்கிவிடுகிறான். வால் இல்லை, நீச்சல் இல்லை. என்றாவது ஒருநாள் இதை வைத்து ஒரு மருந்து வரலாம். இதைப் பார்ப்பது சுலபம். இளகிய ஜெல்லி ஊற்றிய தட்டின் நடுவில் ஊசியால் குத்தி வைப்போம். நீந்துகிற கூட்டம் எட்டு மணி நேரத்தில் பெரிய வட்டமாகப் பரவும். நீந்தாதது குத்தின இடத்திலேயே புள்ளியாக நிற்கும். என்னுடையது இதோ:  •

இந்தப் புள்ளிக்கு இரண்டு வருடம்.

பனியண்ணன் உன்னை விசாரித்தார். “அந்த வாயாடி எப்ப வருது?” என்றார். நீ செய்த சின்ன விஷயம் எதுவும் என் கண்ணில் படவில்லை. மேசை இழுப்பறையைக்கூடப் பார்த்துவிட்டேன்.

உடம்பைக் கவனித்துக்கொள். வாலைக் கொஞ்சம் சுருட்டி வை.

அன்புடன்,
அண்ணா

*

ஜூலை 3

புள்ளிராஜா அண்ணாவுக்கு,

இருமல் போய்விட்டது, போகும்போது என் பக்கத்துக் கட்டில்காரியையும் அழைத்துக்கொண்டு போயிருக்கிறது. அவள் இப்போது இருமுகிறாள். உன் கண் எரிச்சலுக்கு மருத்துவரைப் பார்த்தாயா, இல்லை அதையும் நுண்ணோக்கியில்தான் பார்த்தாயா?

உன் காவல்காரன் கதையை எங்கள் அறையில் சொன்னேன். எல்லோருக்கும் அவனைப் பிடித்துவிட்டது. “பாவம், வேலை முடிஞ்சதும் வெளிய தள்ளிடறாங்களே!” என்று ஒருத்தி கண் கலங்கினாள். எங்கள் வார்டனை யாராவது அப்படித் தள்ளினால் எங்களுக்கும் வால் முளைக்கும் என்று நான் சொன்னேன். அவர் என் பின்னால்தான் நின்றார். நூலகத்தில் இரண்டு வாரம் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறேன்.

இரண்டு வருடம் உழைத்து ஒரு புள்ளி. நான் கணக்குப் பரீட்சையில் மூன்று மணி நேரத்திலேயே முட்டை வாங்குகிறேன், அது இதைவிடப் பெரிது. கிண்டல்தான் அண்ணா. அந்தப் புள்ளியைக் கத்தரித்து என் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

சின்ன விஷயம் உன் மேசையில் இல்லை. இன்னும் குளிர்ச்சியாக யோசி. இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

பனி மாமாவுக்குக் கை விரல் வலி என்றாரே, இப்போது எப்படி? உன் உடம்பும் பத்திரம்.

வாலு

*

ஜூலை 29

அன்புள்ள வாலு,

நீ நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். நானும் அப்படியே. பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு.

இங்கே ஒரு சிக்கல். வேறொரு ஆய்வகம் என் பாக்டீரியாவைக் கேட்டு எழுதியது. அச்சுக்குப் போகும் முன் யாராவது செய்து பார்ப்பது நல்லதுதான். பனியண்ணன் உறைபெட்டிக்குள் இருக்கும் ஏழாம் பெட்டியிலிருந்து, ஜீனை நீக்கிய கூட்டம் உறைந்திருக்கும் குப்பியில் கொஞ்சம் எடுத்துப் பொதி கட்டி அனுப்பினார். அவர்களிடமிருந்து நான்கு வரியில் பதில் வந்திருக்கிறது. அது நீந்துகிறதாம். சின்ன வட்டம்கூட இல்லை, தட்டு நிறைய.

பேராசிரியர் மேடம் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “குப்பி மாறிப் போயிருக்கு” என்றார். ஜீன் நீக்காத கூட்டமும் அதே பெட்டியில், பக்கத்துக் குழியில்தான் இருக்கிறது. அதை எடுத்து அனுப்பியிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. பனியண்ணனைக் கூப்பிட்டார்.

“நான் மாத்தலைங்க.”

“அப்ப யார் மாத்தினது? சாவி உங்ககிட்டதானே இருக்கு?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருடம் அந்த உறைபெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர். விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். சாவிக்கொத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். அவர் கோட்டுப் பையில் சாவி இருந்த இடம் தேய்ந்து நூல் நூலாகத் தெரிந்தது.

உன்னைப் பற்றி ஏனோ கேட்டார், போகும்போது. “பாப்பா நல்லாப் படிக்குதா?” அவ்வளவுதான்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணா

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ நலமா? மாமா நலமா?

ஒரு சந்தேகம், பாடத்துக்காகக் கேட்கிறேன். குப்பிகளின் மூடி மேல் நிறம் நிறமாகப் பொட்டு வைத்திருப்பீர்களே, பச்சை, சிவப்பு. எடுக்கும்போது பொட்டைப் பார்த்து எடுப்பீர்களா, பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து எடுப்பீர்களா? எப்போதும் எண்ணைப் பார்ப்பார்கள்தானே?

மாமாவுக்கு வேலை போய்விடுமா?

இங்கே மழை. துணி காயவில்லை. வேறு விசேஷம் இல்லை.

வாலு

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தில் ஒரு கிண்டல்கூட இல்லை. காய்ச்சலா? உண்மையைச் சொல்.

கேட்டதற்குப் பதில். வெளியே எடுத்ததும் குப்பி மேல் வெண்பனி படர்ந்துவிடும், எண் தெரியாது. துடைத்துப் பார்க்க வேண்டும். அவசரத்தில் பொட்டைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நீக்காததற்குப் பச்சை, நீக்கியதற்குச் சிவப்பு. இது எந்தப் பாடத்தில் வருகிறது?

விசாரணைக் குழு அக்டோபர் முதல் தேதி கூடுகிறது. குப்பியை மாற்றி அனுப்பியதாக முடிவானால் அவர் திரும்பி வர முடியாது. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதற்கு முன் ஏழாம் பெட்டிக் குப்பியை நானே சோதித்துச் சொல்ல வேண்டும் என்று மேடம் கேட்டிருக்கிறார். ஜீன் அதில் இருக்கிறதா, இல்லையா. ஒரு நாள் வேலைதான். இன்னும் செய்யவில்லை. வேறு வேலைகள் இருக்கின்றன.

சத்துள்ளதாகச் சாப்பிடு. எழுது.

அண்ணா

*

ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை. காய்ச்சலாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான்தான் அண்ணா.

ஏப்ரலில் நீயும் அம்மாவும் சாப்பிடப் போனபோது நான் பனி மாமாவை நச்சரித்தேன். மஞ்சள் கோட்டைத் தாண்டி வெளியாட்கள் வரக்கூடாது என்று அவர் மூன்று முறை சொன்னார். ஒரே ஒரு தடவை அந்தப் புகையைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சினால் எப்படி என்று உனக்குத் தெரியும். பெரிய கையுறை போட்டுவிட்டு உறைபெட்டியைத் திறந்தார். வெள்ளையாகப் புகை வந்து என் காலில் விழுந்தது. ஒரு பெட்டியை வெளியே எடுத்து, “இது ஏழு. உங்க அண்ணன் சொத்து முழுக்க இதுலதான் இருக்கு” என்றார். அப்போது பக்கத்து அறையில் போன் அடித்தது. “எதையும் தொடாதம்மா, கை ஒட்டிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நிமிடம் இருக்கும். ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தால் நெம்பினேன். பொட்டு சுலபமாக வந்துவிட்டது. நடுவில் இருந்த ஒரு பச்சைப் பொட்டையும் அதற்குப் பக்கத்துச் சிவப்புப் பொட்டையும் மாற்றி வைத்தேன். பச்சை மேல் பேனாவால் நாக்கு நீட்டுகிற ஒரு முகம் வரைந்தேன். அடுத்த நாளே நீ பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இது யார் வேலை என்று கத்துவாய் என்று நினைத்தேன். நீ ஏன் திறக்கவே இல்லை?

விரல் நுனியில் கொப்புளம் வந்ததே, இஸ்திரிப் பெட்டி சுட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். சூடு இல்லை, குளிர்.

உன் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரியும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். சொன்னால், என்னை உள்ளே விட்டதற்காக மாமாவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் குப்பி மாறியதற்காகப் போகும். எந்தக் கதவில் போனாலும் இன்னொரு கதவுக்குப் போ என்று எழுதியிருக்கிறது. நான் ஒட்டின தாளில் நானே சுற்றுகிறேன்.

அவருக்கு நான் என்று தெரிந்திருக்கிறது, அண்ணா. அதனால்தான் நான் படிக்கிறேனா என்று கேட்டிருக்கிறார். தெரிந்தும் சொல்லவில்லை.

உன் காவல்காரன் மாதிரி ஒன்று இத்தனை நாள் என் தொண்டையில் உட்கார்ந்திருந்தது. வெளியே தள்ளிவிட்டேன். இனி என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல். எது சொன்னாலும் செய்கிறேன். திட்டினாலும் சரி, உடனே எழுது.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

செப்டம்பர் 20

அண்ணாவுக்கு,

நீ நலமா என்று கேட்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

இருபத்தேழு நாட்கள் ஆகிவிட்டன. தினமும் தபால் வரும் நேரத்துக்கு வார்டன் அறை வாசலில் நிற்கிறேன். இப்போது இரண்டு கதவும் திறந்துதான் இருக்கின்றன. நேற்று அவர் என்னைக் கூப்பிட்டு, “வீட்டுல ஏதாவது பிரச்சனையா? வேணும்னா என் போன்ல பேசு” என்றார். நான்கு சுற்று சுற்றியவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. அப்புறம் நின்றது. நீதான் நிறுத்தினாய் என்று நினைக்கிறேன், ஆனால் தெரியாது.

உனக்கு என் மேல் கோபம். இரண்டு வருட உழைப்பு. நியாயம்தான். ஆனால் தேதி நிற்காது. அதனால் நானே மேடத்துக்கு எழுதிவிட்டேன். ஏப்ரலில் நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது. மாமா வேண்டாம் என்றார், நான்தான் கெஞ்சினேன் என்பதை இரண்டு தடவை எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், பள்ளியில் சொல்லட்டும். அவர் மேல் தப்பில்லை.

உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துவிடு. கேட்டேன். நீ பேசவில்லை.

கண் எரிச்சல் எப்படி இருக்கிறது?

உன் தங்கை

*

அக்டோபர் 6

என் அன்புத் தங்கைக்கு,

நான் நலமாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை முழுக்கப் படி. நடுவில் கிழித்துவிடாதே.

உன் ஆகஸ்ட் கடிதம் இருபத்தெட்டாம் தேதி என் கைக்கு வந்தது. படித்து முடித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கோபம் இல்லை. நிம்மதி. அப்பாடா, பொட்டுதான் மாறியிருக்கிறது, என் புள்ளி பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதி. என் தங்கை எழுதிய இரண்டு பக்கத்தில் அவளைத் தவிர மற்றது எல்லாம் எனக்குத் தெரிந்தது.

அந்தத் தைரியத்தில்தான் முப்பதாம் தேதி ஏழாம் பெட்டியைத் திறந்தேன். பச்சைப் பொட்டுக்குக் கீழே நீக்காதது, சிவப்புக்குக் கீழே நீக்கியது. எண்ணும் சரியாக இருந்தது. சிவப்புப் பொட்டுக் குப்பியைச் சோதித்தேன். ஜீன் அதில் இல்லை. நீக்கிய குப்பியேதான், பனியண்ணன் சரியானதைத்தான் அனுப்பியிருக்கிறார். பிறகு ஜெல்லித் தட்டில் குத்தி வைத்தேன். எட்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். தட்டு நிறைய வட்டம்.

அதாவது என் ஜீனை நீக்கினாலும் அது நீந்துகிறது. காவல்காரன் வழக்கம்போல வெளியே போகிறான். என் ஜீனுக்கும் வாலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்படியானால் என் புள்ளி எங்கிருந்து வந்தது? எங்கள் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கும்: மாதம் ஒருமுறை உறைபெட்டிக்குத் திரும்பு. பாக்டீரியாவை வெளியே நிறைய நாள் வளர்த்தால் மாறிப்போகும். குலுக்கும் குடுவையில் சாப்பாடு தானாக வாய்க்கு வருகிறது, நீந்த வேண்டிய தேவை இல்லை. வால் கட்டுவது பெரிய செலவு. தற்செயலாக வால் கெட்டுப்போன ஒன்று வேகமாகப் பெருகும். கொஞ்ச நாளில் குடுவை முழுக்க அதன் பிள்ளைகள்தான். அதனால்தான் பழையதை எறிந்துவிட்டு, உறைந்த குப்பியிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். நான் தொடங்கவில்லை. சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, பனியண்ணன் வரும் வரை நிற்பது எனக்குச் சோம்பலாக இருந்தது. வாரா வாரம் பழைய குடுவையிலிருந்து புதுக் குடுவைக்கு, பதினான்கு மாதம். ஒப்பிடுவதற்கான நல்ல கூட்டத்தை மட்டும் பக்கத்து மேசையிலிருந்து புதிதாக வாங்கிக்கொண்டேன். அது நீந்தியது, என்னுடையது நீந்தவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன்.

நான் ஏன் பெட்டியைத் திறக்கவே இல்லை என்று கேட்டிருந்தாய். இதுதான் பதில்.

இதெல்லாம் ஆகஸ்ட் கடைசியிலேயே எனக்குத் தெரியும். அன்றே மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். உனக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், நீ செய்ததால் ஒன்றும் ஆகவில்லை என்று. மேடம் கேட்டபோதெல்லாம் ‘இன்னும் சோதனை முடியவில்லை’ என்றேன். நீ போன் செய்தபோது பெயர் தெரியாத எண் என்று நினைத்து நிறுத்தவில்லை. உன் ஊர் எண் என்று தெரிந்தேதான் நிறுத்தினேன்.

முதல் தேதி குழு கூடியது. மேடம் முன் உன் கடிதம் இருந்தது. பனியண்ணனை உறைபெட்டிப் பதிவேட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஏப்ரல் பக்கத்தைத் திறந்து மேடம் சத்தமாகப் படித்தார்: ‘ஏழாம் பெட்டி. இரண்டு பொட்டு மாறியிருந்தது. எண் துடைத்துப் பார்த்துச் சரி செய்தேன். மாலை 4.40.’ நீ கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள் அவர் சரி செய்துவிட்டிருக்கிறார்.

“யார் மாத்தினாங்கன்னு ஏன் எழுதலை?”

“சின்னப் பொண்ணுங்க. உள்ள விட்டது நானு. எழுதினா என் தப்பைத்தான் எழுதணும்.”

“இந்தப் புத்தகத்தை முதல்லயே காட்டியிருக்கலாமே?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “காட்டினா மத்த பக்கமும் தெரியுமேங்க” என்றார்.

மேடத்துக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்தப் புத்தகத்தில் யார் எப்போது குப்பி எடுத்தார்கள் என்று ஒவ்வொரு வரியும் இருக்கிறது. பதினான்கு மாதமாக என் கையெழுத்து ஒரு வரியில்கூட இல்லை. அவருக்கு முதல் நாளே தெரியும், வாலு. உன்னை மட்டும் இல்லை, என்னையும் சேர்த்துத்தான் அவர் மூடி வைத்திருந்தார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேடம் புத்தகத்தை மூடினார். “வெளி ஆளை உள்ள விட்டிருக்கீங்க. ஒரு தடவை பொட்டு மாறியிருக்கு. இன்னொரு தடவை மாறலைன்னு எப்படி நம்பறது? இனிமே நீங்க இங்க இருக்க முடியாது” என்றார்.

அவர் தலையாட்டினார்.

அப்போது எழுந்து போய் நான் புத்தகத்தைத் திறந்தேன். ஒவ்வொரு மாதமாகத் திருப்பினேன். “இதுல என் பேரைக் காட்டுங்க மேடம்” என்றேன். பிறகு பதினான்கு மாதக் கதை எல்லாம் வாயில் வந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றாகிவிட்டது. எனக்கு ஒரு வருடம் தந்திருக்கிறார்கள். அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும், இல்லையென்றால் வெளியே. பனியண்ணனுக்கு, உன்னை உள்ளே விட்டதற்காக ஒரு எச்சரிக்கைக் கடிதம். சாவி திரும்ப அவர் பையில். அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். “அவ சாப்பிடறாளா?” என்று உன்னைத்தான் கேட்டாள்.

நீ உன் தப்பைச் சொல்ல மூன்று வாரம் எடுத்துக்கொண்டாய். நான் ஐந்து வாரம். அதுவும் நீ சொன்ன பிறகு. பதில் எழுத மாட்டாய் என்றாலும் உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணா

*

நவம்பர் 18

அண்ணாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று நம்புகிறேன்.

நான் ஆகஸ்ட் 24-ல் எழுதியதற்கு நீ அக்டோபர் 6-ல் எழுதினாய். நாற்பத்து மூன்று நாள். அதனால் நானும் நாற்பத்து மூன்று நாள் எண்ணிவிட்டு எழுதுகிறேன். முதல் பத்து நாள் சந்தோஷமாக இருந்தது, நீ தபாலுக்காக வாசலில் நிற்பாய் என்று நினைத்து. அப்புறம் இல்லை. அப்புறம் நீ சாப்பிடுகிறாயா என்று யோசனை வந்துவிட்டது. ஆனாலும் எண்ணி முடித்தேன். இதுதான் நான் செய்ததிலேயே சிரிப்பு வராத குறும்பு.

உனக்கு நிம்மதி வந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். எழுதினாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

பனி மாமாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தேன். அவரிடமிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. ஒரு சின்ன பிளாஸ்டிக் பை, அதற்குள் அந்தப் பச்சைப் பொட்டு. நாக்கு நீட்டுகிற முகம் அப்படியே இருக்கிறது. அன்று சாயங்காலமே வேறு பொட்டு வைத்துவிட்டு இதை எடுத்து வைத்திருக்கிறார். பையின் மேல் எழுதியிருந்தார்: ‘கழுவி, காயவைத்தது. பயமில்லை.’

அவர் எதற்கும் லேபிள் ஒட்டாமல் அனுப்ப மாட்டார் போல.

அலமாரிக் கதவில் இருந்த உன் புள்ளியை எடுத்துவிட்டேன். குப்பையில் போடவில்லை, கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன், முட்டைகளோடு. அந்த இடம் காலியாக இருக்கிறது. அங்கே ஒட்ட வேறு ஏதாவது அனுப்பு.

வார்டன் போனைத் திருப்பித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். போனில் நீ ‘ம்’ என்பாய். காகிதத்தில் ‘ம்’ என்று எழுத உனக்கு வெட்கமாக இருக்கும்.

கண்ணுக்கு மருத்துவரைப் பார். நிஜ மருத்துவரை.

வாலு

*

டிசம்பர் 2

அன்புள்ள வாலு,

கண்ணுக்குச் சொட்டு மருந்து தந்திருக்கிறார்கள். எரிச்சல் குறைந்திருக்கிறது. உன் கையெழுத்தைப் பார்த்ததில் பாதி குறைந்தது என்று மருத்துவரிடம் சொல்லவில்லை.

நேற்று மாதத்தின் முதல் தேதி. சீட்டு எழுதிக்கொண்டு உறைபெட்டி அறைக்குப் போனேன். பனியண்ணன் வர இருபது நிமிடம் ஆனது, நின்றேன். சிவப்புப் பொட்டுக் குப்பியை எடுத்தார், பனியைக் கட்டைவிரலால் துடைத்து எண்ணை என்னிடம் காட்டினார். பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். என் பேனா எழுதவில்லை. அவர் பேனாவைத் தந்தார்.

“மாசம் ஒருக்கா வாங்க தம்பி. அவ்வளவுதான்” என்றார்.

இன்று காலையில் ஜெல்லித் தட்டின் நடுவில் குத்தி வைத்தேன். எட்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் இரண்டு வருடமும் தப்பு என்று சொல்கிற சாட்சி இது. அதைத் தெரிந்துகொண்டேதான் பார்த்தேன். ஆனாலும் என்ன அழகாக நீந்துகிறது தெரியுமா!

அலமாரிக் கதவுக்காகக் கேட்டிருந்தாய். தட்டை இந்தத் தாளின் அடியில் வைத்து, வெளிச்சத்தில் தெரிந்த ஓரத்தைப் பென்சிலால் அப்படியே வரைந்திருக்கிறேன். நான் கொஞ்சமும் பெரிதாக்கவில்லை. எழுதியதுபோக மீதியிருந்த இடத்தில் வட்டம் அடங்கவில்லை. மடிப்பைத் தாண்டி அந்தப் பக்கமும் போயிருக்கிறது. தாளை முழுசாக விரித்துப் பார்.

அண்ணா